களஞ்சியத்தின் சாவி

தும்பறைக் கதை – 17

சென்ற வாரம் மடுகல்லை நிலமேயின் முடிவோடு நிறுத்தினோம். 1818 நவம்பரில் கெப்பெட்டிபொலவோடு சேர்த்து அவரையும் கண்டி போகம்பறையில் வெட்டினார்கள். தும்பறையை வெள்ளையருக்கு எதிராகக் கிளப்பியவர் என்பதால் அவருடைய வீரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பதவியைப் பற்றிச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. அவர் உடகபடா நிலமே. கபடாவ என்றால் சிங்களத்தில் பண்டசாலை. கண்டி அரசனின் மேல் அரண்மனைப் பண்டசாலைக்குப் பொறுப்பாக இருந்த பிரதானிக்குத்தான் அந்தப் பெயர். அரசனுக்கென்றே விளைந்த ஊர்களுக்குக் கபடாகம் என்று பெயர். அங்கிருந்து நெல் களஞ்சியத்துக்கு வரும். அரண்மனை, விகாரை, தேவாலயம் என்று களஞ்சியத்திலிருந்து பிரியும்.

களஞ்சியத்தின் சாவி யாருடைய இடுப்பில் இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், தெல்தெனியவைச் சுற்றியுள்ள மலைகளின் இருநூறு வருடக் கதையில் பாதி வெளியே வந்துவிடும். இந்த வாரம் அந்தக் கதைதான். பெரும்பகுதி பசியின் கதை. எழுத மனம் வராத அத்தியாயம், ஆனாலும் எழுதாமல் தாண்டிப் போக முடியாது.

அரசனுக்கு மட்டுமல்ல, குடியானவனுக்கும் களஞ்சியம் இருந்தது. கால்களின் மேல் உயர்ந்து நிற்கும் அட்டுவ, கொடியும் பிரம்பும் பின்னிக் களிமண் பூசிய வீ பிஸ்ஸ. நம்முடைய குதிரும் பத்தாயமும் போல. 1818இல் கலகத்தை அடக்க வந்த படை ஊவாவிலும் வெல்லசையிலும் முதலில் குறிவைத்தது இவற்றைத்தான். வீடு எரிந்தது, விளைச்சல் எரிந்தது, மாடுகள் மாண்டன. துப்பாக்கிக்குத் தப்பியவர்களைப் பஞ்சமும் காய்ச்சலும் கொண்டுபோயின. கபடாகம் ஊர்கள் முடிக்குரிய காணிகளாயின. சாவி அன்று கை மாறியது.

அடுத்து வந்தது நெல் வரி. கண்டிச் சீமைக் குடியானவன் வீட்டுத் தோட்டத்தில் நாலு கோப்பிச் செடி வைத்திருப்பான்; கொட்டையை விற்று வரும் காசில் வரியைக் கட்டுவான். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் கண்ட செம்மஞ்சள் பூஞ்சணம் பதினைந்து வருடத்துக்குள் மலைநாட்டுக் கோப்பியையே தின்று தீர்த்தது. துரைமாரின் நட்டத்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்து நாலு செடியும் அதோடு போனதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. காசு இல்லை, வரி நின்றது, வயல் ஏலத்துக்குப் போனது. மகாவலிக்கு அந்தப் பக்கம் வலப்பனையில் வயலை இழந்த சிங்களக் குடும்பங்கள் 1880களில் பட்டினியால் செத்தன. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதினார். லண்டனில் கொப்டன் கழகத்தார் அதைக் கையில் எடுத்துக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் 1892இல் ஆளுநர் ஹெவ்லொக் காலத்தில் நெல் வரி ஒழிந்தது. விளைகிற மண்ணில் உட்கார்ந்துகொண்டே ஒருவன் பட்டினி கிடக்கலாம் என்பதை இந்த மலைகள் கண்டது அப்போதுதான்.

நம்மவர்கள் இங்கே வந்ததும் பசியால்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. 1877இல் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தார்கள். அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே, 1867இல், வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் திறந்து அடுப்பை மூட்டியிருந்தார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஆனால் ஒரு மாகாணமே பசித்தபோது ஓர் அடுப்பு எத்தனை பேருக்குப் போதும்? மிச்சமுள்ளவர்கள் மன்னார்க் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அங்கிருந்து கண்டி, தும்பறை, ரங்கல, மடுல்கலை என்று பிரிந்தார்கள்.

தோட்டத்தில் களஞ்சியம் துரையுடையது. சம்பளம் மாதக்கணக்கில் பிந்தலாம். அரிசி பிந்தக்கூடாது, பிந்தினால் ஆள் இரவோடு இரவாக வேறு தோட்டத்துக்குப் போய்விடும். ஆகவே அரிசியை அளந்து கொடுத்துப் பேரேட்டில் எழுதிச் சம்பளத்தில் கழித்தார்கள். பெரிய கங்காணியின் கணக்கு, கடைக்காரன் கணக்கு, அரிசிக் கணக்கு எல்லாம் கழிந்த பிறகு கையில் என்ன நிற்கும் என்று லயத்தில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையையும் அதோடு சேர்த்துக் கட்டவேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கூலியில் பாதி அரிசிதான்.

1942 மார்ச்சில் ஜப்பான் இரங்கூனைப் பிடித்தது. இலங்கை உண்ட அரிசியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடல் கடந்து வந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. அந்த வருடம் பங்கீடு வந்தது. அதோடு ஆளுக்கொரு கூப்பன் புத்தகமும் வந்தது. சிங்களத்தில் ஹால் பொத்த, நம் வாயில் கூப்பன். சண்டைக்காக வந்த கூப்பன் சண்டை முடிந்தும் போகவில்லை. சங்கக்கடையில் வரிசை, தராசு, கொத்து, மனேஜர் கூப்பனைக் கிழிக்கும் சத்தம் என்று ஒரு தலைமுறை முழுவதும் அதிலேயே வளர்ந்தது.

இதை ஓர் அரசியல்வாதியின் சலுகையாகப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. துரையிடமோ அரசனிடமோ இல்லாமல், ஏழையின் கையிலேயே களஞ்சியத்தின் சாவி இருந்த காலம் இந்த மலைகளின் வரலாற்றில் அது ஒன்றுதான். கூப்பனை எடுத்துப் போனால் அரிசி கிடைக்கும். கும்பிட வேண்டியதில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. பிறகு வாக்கும் போயிற்று. அப்போதும் கூப்பன் போகவில்லை. நாடு இல்லாதவனுக்கும் வாரத்தில் ஒரு நாள் சங்கக்கடையில் பெயர் இருந்தது.

அதில் யார் கை வைத்தாலும் தீப்பிடிக்கும் என்பதை 1953 காட்டியது. நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தன கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதத்தில் பதவி விலகினார். அதே டட்லி 1966இல், கொத்து 25 சதமாக வாரத்துக்கு இரண்டு கொத்து இருந்ததை ஒரு கொத்தாக்கினார். ஆனால் அந்த ஒரு கொத்தை இலவசமாக்கினார். 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் எதிர்ப்பக்கம் நிலாவிலிருந்தாவது அரிசி கொண்டு வருவோம் என்றது. வென்று வந்து, இரண்டாவது கொத்தை 75 சதத்துக்குக் கொடுத்தது.

மூன்று வருடம்கூட அது நிலைக்கவில்லை.

1972இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறத் தொடங்கியது. 1973 ஒக்டோபருக்குப் பிறகு எண்ணெய் விலையும் ஏறியது. தேயிலைக்குக் கிடைத்த விலையில் கோதுமை வாங்கக் காசு போதவில்லை. கூப்பன் அரிசி படிப்படியாக வெட்டப்பட்டது. வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டுக் கடைகளில் சோறு போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. விடியுமுன்பே பாண் வரிசை. தெருவோரங்களில் ஹால் பொல்ல, அதாவது அரிசி மறிக்கும் தடி. ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்குக் ஒன்றிரண்டு கொத்துக்கு மேல் அரிசி எடுத்துப் போனால் பொலிஸ் பையை அவிழ்க்கும். கிராமத்தில் வயல் வைத்திருந்தவன் எப்படியோ சமாளித்தான். பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் அவன் வளவில் நின்றன. லயத்துக்கு வளவு ஏது? தோட்டத்தில் விளைவது தேயிலை. அதைத் தின்ன முடியாது.

அதே சமயத்தில் காணிச் சீர்திருத்தம். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று எல்லை வைத்தது. கண்டி, மாத்தளைப் பக்கத்து நடுத்தரத் தோட்டங்கள்தாம் முதலில் கைமாறின. கைவிட்டுப் போகப்போகும் தோட்டத்தில் யார் முதல் போடுவார்கள்? உரம் நின்றது, புல்வெட்டு நின்றது, வாரத்தில் ஆறு நாள் வேலை மூன்று நான்காகக் குறைந்தது. புதிதாக வந்தவர்கள் பல தோட்டங்களில் இருந்த தொழிலாளரை வெளியே தள்ளினார்கள். அரிசியும் குறைந்து, வேலை நாளும் குறைந்து, இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் அழிவு.

மலையகத்தில் பெரியவர்கள் இன்றும் அதைச் சிறிமா காலத்துப் பஞ்சம் என்றே சொல்வார்கள். காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றதையும், கோதுமை மாவைக் கரைத்துக் கூழாக்கிக் குடித்ததையும், வெறும் சாயத்தண்ணியோடு கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறியதையும் அவர்கள் சொல்லும்போது குரல் தணிந்துவிடும். தோட்டத்தை விட்டிறங்கிக் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி வீதிகளில் கையேந்தியவர்கள் பலர். வீதியிலேயே செத்தவர்களும் உண்டு. வன்னிக்குப் போனவர்கள், கப்பலேறி இராமேசுவரம் போனவர்கள் என்று குடும்பங்கள் சிதறின. நாட்டின் இறப்பு விகிதம் 1973இல் ஆயிரத்துக்கு 7.7 ஆக இருந்தது. அடுத்த வருடம் ஏறத்தாழ 9 ஆயிற்று. அந்த உயர்வில் மிகக் கனமான பங்கைச் சுமந்தது தோட்டப்புறம். செத்த குழந்தைகளுக்காக யாரும் ஹர்த்தால் நடத்தவில்லை, அரசாங்கம் எதுவும் கவிழவில்லை. வாக்கில்லாதவர்களின் பசிக்கு நாடாளுமன்றத்தில் குரல் இல்லை. 1953க்கும் 1974க்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்பது என் துணிபு.

அப்படியானால் ஊரில் இரக்கமே இல்லையா? இருந்தது. இந்த நாட்டைப் போலச் சோறு போட்டுப் புண்ணியம் தேடும் நாடு குறைவு. வெசாக் வந்தால் சந்திக்குச் சந்தி தன்சல். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலிலும் கதிரேசன் கோவிலிலும் விசேட நாட்களில் அன்னதானம். நோன்பு மாதத்தில் மீரா மக்காம் பள்ளிவாசல் பக்கம் கஞ்சி மணக்கும். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று நம்புகிறவர்கள் நாம். பசிக்கு மதம் பார்க்காத மரபு மூன்று பக்கத்திலும் உண்டு. குறை மனத்தில் இல்லை, நாட்காட்டியில்தான். தன்சல் வெசாக்குக்கு வரும், கஞ்சி நோன்புக்கு வரும், அன்னதானம் திருவிழாவுக்கு வரும். பசி ஐப்பசி மழையில் வேலை நிற்கும் வாரத்தில் வரும். சம்பளத்துக்கு முந்திய பத்து நாளில் வரும்.

1967இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜோன் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய உணவு வங்கிக்கு உலகம் முழுவதும் இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணமும் இந்த நாட்காட்டிதான். கடைகள் வீசும் நல்ல உணவைச் சேர்த்து வைத்து, தேவைப்படுகிறவர் தேவைப்படும் நாளில் எடுத்துப் போகட்டும் என்றார். வங்கியில் பணம் போடுவதும் எடுப்பதும் போல. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் அமைப்பு, கல்யாண வீட்டு மிச்சத்தை அன்றைக்கே பசித்தவரிடம் கொண்டுபோகிறது. வழி வேறாக இருந்தாலும் எண்ணம் ஒன்று: கொடுப்பவரின் நல்ல நாளைப் பார்க்காமல், பசித்தவரின் நாளைப் பார்ப்பது.

நமக்கு இது புதிதல்ல. பிடியரிசி நம்முடையது. உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிச் சட்டியில் போடுவது. யாழ்ப்பாணத்தில் மிஷன் காலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் அப்படிச் சேர்த்ததில் ஊழியங்கள் நடந்தன. காஞ்சிப் பெரியவர் தமிழ்நாட்டில் அதையே இயக்கமாக்கினார். சிங்களக் கிராமத்தில் அதற்குப் பெயர் மிட்டி ஹால். பெயர் வேறு, பிடி ஒன்று.

பஞ்சத்துக்குப் பிறகு வந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 1978இல் கூப்பன் வறியவர்களுக்கு மட்டும் என்றானது. 1979 செப்டெம்பரில் அரிசிக் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதிய ரூபாய் அப்படியே நிற்க, விலைவாசி ஏறியது. சில வருடத்தில் அந்த முத்திரைக்கு வாங்க முடிந்தது கொஞ்சம்தான். தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டு இருந்தது. குடும்பத்தில் மூன்று பேர் கொழுந்தெடுத்தால் மூன்று சீட்டையும் கூட்டி, வருமானம் உண்டு என்று எழுதிவிட்டார்கள். கிராமத்தில் கணக்கில் வராத வருமானம் தப்பியது. லயத்தில் காகிதத்தில் இருந்த வருமானம் மாட்டிக்கொண்டது. பிறகு ஜனசவிய, சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. ஒவ்வொரு முறையும் பட்டியல் போட வருகிறவர்கள் வீட்டு இலக்கம் கேட்கிறார்கள். லயக் காம்பராவுக்கு இலக்கம் ஏது? கடிதமே தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வருகிறது.

தெல்தெனியவுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 1985இல் விக்டோரியா அணை நிறைந்தபோது பழைய நகரம் மட்டும் மூழ்கவில்லை. தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் மூழ்கின. இந்த மலைகளுக்குச் சோறு போட்ட மண் அது. வயல்காரர்கள் பலர் கிராந்துருக்கோட்டைப் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். மழை பொய்க்கும் வருடங்களில் நீர் இறங்கினால் பழைய நகரத்தின் கட்டட எச்சங்கள் தெரியும். பார்க்கப் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள். வயல் இருந்த இடத்தில் வெடித்த சேறு மட்டும் கிடக்கும். அணையின் கதையை இன்னும் இரண்டு வாரத்தில் விரிவாக எழுதுகிறேன்.

கடைசியாக 2022. 1974ஐப் பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்க்க மாட்டோம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் விளைச்சல் விழுந்தது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்: முந்திய வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கியதை வாங்க ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய். உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் சுமார் 63 இலட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியில்லை என்றன. அதிலும் தோட்டத்துறைதான் மிக மோசம். காலையில் ரொட்டி, மதியமும் ரொட்டி என்று மாவை நம்பி வாழும் லயத்தில் மா விலை ஏறினால் வேறு எதற்கு ஓடுவது? நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் வர்த்தமானியில் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த ஆயிரத்தை விலைவாசி தின்றது.

அந்த மாதங்களில் உலருணவுப் பொதிகள் வந்தன. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர்கள், கொழும்பு இளைஞர்கள், பாடசாலைப் பழைய மாணவர்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், விகாரைகள், கோவில்கள் எல்லோரும் கொடுத்தார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். அந்தப் பொதிகள் உயிர் காத்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொடுத்த ஒவ்வொரு கைக்கும் நன்றி. ஆனால் செய்தி பழசானதும் பொதியும் நின்றது. லொறி போன வழியில் இருந்த லயத்துக்கு மூன்று முறை கிடைத்தது. பாதை உடைந்து லொறி ஏற முடியாத மேற்பிரிவு லயத்துக்கு ஒரு முறையும் இல்லை.

ஆகவே இந்தத் தொடரைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பிடி அரிசி ஏறத்தாழ 50 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. இருபது வீடு சேர்ந்தால் 30 கிலோ. இரண்டு மூன்று குடும்பத்துக்கு அந்த மாதத்தின் கடைசிப் பத்து நாள் தாண்டும். உங்கள் தெருவில் இருபது வீடு சேருங்கள். பருப்பும் எண்ணெயும் சேர்க்க முடிந்தால் நல்லது. சங்கமோ பதாகையோ வேண்டாம். ஒரு மூடி போட்ட வாளி போதும். வெசாக்குக்கும் பொங்கலுக்கும் காத்திருக்காமல் ஒவ்வொரு மாதமும் இருபதாம் திகதி கொடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியரிடம் கேளுங்கள். காலைக் கூட்டத்தில் எந்தப் பிள்ளை மயங்கி விழுகிறது என்று அவருக்குத் தெரியும். அவரிடம் கொடுத்துவிட்டு, படம் எடுக்காமல் திரும்பி வாருங்கள்.

(தொடரும்)